நூற்றிருபது பெட்ஷீட்

என் அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கேள்வி கேட்பதில் மட்டும் அவனுக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் மடிக்கிறான். எதிரில் நின்று மடிப்பவளும் அவனைப் போன்றவள்தான். எல்லோருக்கும் அவள் ‘சிட்டு’.

அங்கே புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். காதல், உடம்பு, யாரை எப்போது தொடலாம், வேண்டாமென்று எப்படிச் சொல்வது, எல்லாம் பாடம். இந்த வயதில் இவனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று பொரிந்து தள்ளினேன். வகுப்பில் சேர அவன் கையெழுத்தே போதுமாம். போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னான்.

முதல் வகுப்பு நடந்த அன்று சாப்பிடும்போதே ஆரம்பித்தான். "மாப்பிள்ளை உன் கையப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேட்டாரா?"

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் அம்மா போன் செய்தார். "உங்க அண்ணன் மடிக்கவே மாட்டேங்கிறார்மா. இப்படியே போனா ரெண்டு பேரையும் பிரிச்சு வேற வேற இடத்துல போட்டுடுவேன்."

அடித்துப்பிடித்து ஓடினேன். அண்ணனும் சிட்டுவும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நெருங்கினார்கள். முனையை அவள் கையில் சேர்க்க ஒரு முழம் இருக்கும்போது அண்ணன் நின்றுவிட்டான். பெட்ஷீட் நடுவில் தொங்கியது.

அவனைத் தனியே இழுத்துப் போனேன். "என்னண்ணா இது?"

"முனையக் குடுக்கிறப்போ கை பட்டுடும். கேக்காம தொடக் கூடாது."

"அப்போ கேட்டுடேன்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"சரின்னு விட்டுடணும். அதையும் சொல்லிக் குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. அதான் பயமா இருக்கு."

இவனுக்கு என்ன தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் போய் எதிரில் நின்றான். "என் கை உன் கைமேல படலாமா?"

சிட்டு அவசரப்படாமல் யோசித்தாள். "மடிக்கிறப்போ படலாம். மத்த நேரம் வேணாம்."

"சரி" என்றான். முனைகள் சேர்ந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது, மனசு உடைந்திருப்பானே என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

"ஒரு நாளைக்கு நூத்திருபது பெட்ஷீட்" என்றான். "ஒண்ணொண்ணுக்கும் மூணு தடவை கை படும். நீயே கணக்குப் போட்டுப் பாரு!"