முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் வேலைக்குக் கண்ணைவிட முதுகுதான் முக்கியம். வாடிக்கையாளர் எப்போதும் அதற்குப் பின்னால்தான் நிற்பார். பழங்காநத்தத்தில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலைவர் வரவேற்பு முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாம் செய்கிறேன். "அத லேசா இங்கிட்டு நகட்டுக்கா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல நீங்களும் வேலை பார்த்திருந்தால், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

பாக்கெட்

எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவருக்கு நான்தான் வழக்கமாக போர்டு செய்வேன். வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் தலைவர் படம் வெளியே தெரிய, கும்பிட்டபடி நிற்பார். போன மாதம் வந்தவர், தான் வேறு கட்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். பழைய போர்டையே எடுத்து வேட்டிக் கரையை மாற்றினேன், பின்னணி நிறத்தை மாற்றினேன், பாக்கெட்டில் இருந்த தலைவரையும் மாற்றினேன்.

"இதுக்குப் புதுசா ஒரு போட்டோவே எடுத்துரலாமேண்ணே" என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எதுக்கும்மா? நான் அப்படியேதான இருக்கேன், பாக்கெட்டுதான மாறியிருக்கு?"

ஸ்கூலுக்குப் போற ரோடு

பூப்புனித நீராட்டு விழாவுக்கு போர்டு வேண்டுமென்று லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். எவ்வளவு பெரிசு, எந்த முக்கில் கட்டுவது, யார் யார் படம் எல்லாம் முடிவாகியிருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்மில் பக்கத்தில் நின்ற மகளிடம்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என்னவோ போலிருந்தது. "உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று கேட்டுவைத்தேன்.

அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த முக்கு வழியாத்தானப்பா நான் ஸ்கூலுக்குப் போகணும். பயலுக எல்லாம் நிப்பாங்ய." அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். ஒன்பது மாமன்மாரின் படங்கள் அதில் வரிசையாக நின்றன. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகளுக்கா எனக்கா என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னார்: "ரோட்ட மாத்த முடியாது. போர்ட விட்ருவோம்."

முறைப்பு

பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் தங்கையோடு வந்தார். காலையில் அம்மா இறந்துவிட்டார். சாயங்காலம் எடுப்பதற்குள் அஞ்சலி போர்டு வேண்டும். ஆனால் அந்த அம்மாவுக்குத் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டு போட்டோ எதை எடுத்தாலும் பின்வரிசையில் யார் தோளுக்குப் பின்னாலோ பாதி முகம். இரண்டு போன்களையும் துழாவி, கடைசியில் பேரன் பிறந்தநாள் வீடியோவில் முழு முகத்தைப் பிடித்தோம். புருவத்தைச் சுருக்கி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

அஞ்சலிக்கு இது எடுபடாதே என்று நினைத்து, கம்ப்யூட்டரில் லேசாகச் சிரிக்கவைத்துக் காட்டினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. தங்கை பார்த்துவிட்டு, "யாருண்ணே இது?" என்றார். அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "திட்டுற படத்தையே போடும்மா. இனிமே எங்களத் திட்டுறதுக்கு யாரு இருக்கா?"

தாய்மாமன்

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பதி, மகளின் காதணி விழாவுக்கு வந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். 'தாய்மாமன்' என்று போட்டு கணவர் கொடுத்த படம், மனைவியின் பெரியப்பா மகனுடையது. இருவரும் வெளியே போன பிறகு, குடையை விட்டுவிட்டதாகச் சொல்லி மனைவி மட்டும் திரும்பி வந்தார். குடை எதுவும் இல்லை.

"கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் இருக்கான்க்கா. ஒரு கல்யாணத்துல மரியாத கொறஞ்சு போச்சுன்னு இவருக்கும் அவனுக்கும் நாலு வருசமாப் பேச்சில்ல. அவன் படத்தப் போடுங்க. இவரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லிருங்க." தன் போனிலிருந்து படத்தை அனுப்பினார். குடும்பச் சண்டையில் தலைகொடுக்காதே என்று என் முதலாளி சொல்லியே வைத்திருக்கிறார். இருந்தும் போட்டேன்.

பிரிண்டுக்கு முன்னால் பார்த்துப்போக மறுநாள் கணவர் மட்டும் வந்தார். வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஸ்கிரீனில் மச்சான் படம் இருந்தது. "உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க..." என்று இழுத்தேன். அவர் குனிந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்தார். போனை எடுத்து எதையோ தேடினார்.

"இது பழைய படம்மா. இப்ப மீசை வச்சிருக்கான். இருங்க, நேத்து ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தத அனுப்புறேன்."

'முகம் மட்டும் பளிச்னு தெரிஞ்சாப் போதும்' என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். யார் முகம் என்று முடிவாவதற்குள்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறது.