குளிரில்லாத ஊரில் குளிர்ச்சட்டை விற்றேன்

சட்டை விற்பவர்களுக்கு இரண்டே எதிரிகள்: ஒன்று வானம், இன்னொன்று வாங்க வந்தவரின் கூட வந்தவர். நீங்களும் எங்காவது ஒரு கடையில் காலை முதல் மாலை வரை கால்கடுக்க நின்றவராக இருந்தால், அந்த இரண்டாவது எதிரியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பத்தடி தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்தபடியே "நல்லால்ல" என்று சொல்லி நம் அரைமணி நேர உழைப்பை அணைத்துவிடுவார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில், ஓட்டக்காரர்களுக்கான காலணியும் உடையும் விற்கும் ஒரு கடையில் வேலை செய்கிறேன். நான் சேர்ந்த வருஷம் எங்கள் தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, எங்கே பார்த்தாரோ, என்ன நினைத்தாரோ, இரண்டு பெரிய பெட்டி நிறைய இலையுதிர்காலத்து உடைகளை இறக்கிவிட்டார். நீளக்கை உள்சட்டை, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், கையுறை, காதை மூடும் பட்டை. கெடாவில்! மத்தியானம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில்! "ஸ்டெல்லா, இது உன் பொறுப்பு" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முன்னுக்குப் பின்

முதல் மூன்று வாரம் ஒன்றுகூட நகரவில்லை. வந்தவர்கள் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காவது வாரம் சேகரன் அண்ணன் வந்தார். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். விடியும் முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பி வேலைக்குப் போகிறவர். மகளுக்குக் காலணி வாங்க வந்தவரின் கண் ஜாக்கெட்டில் விழுந்தது. "இது காத்தைத் தடுக்குமா?" என்றார். "தடுக்கும்ணே. மழைத் தூறலையும் தடுக்கும். மடிச்சா உள்ளங்கை அளவுதான்" என்றேன். போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கியவர், முதுகுப்பக்கத்தை நெஞ்சுக்கு வைத்து, ஜிப்பு முதுகில் வருகிற மாதிரி மாட்டிக்கொண்டார். நம் ஊர் மோட்டார்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். தலையை மூடவேண்டிய தொப்பி அவர் மார்பில் ஒரு பை மாதிரி தொங்கியது. அதைப் பிரித்துப் பார்த்து, "கறிபாப் பலகாரம் வச்சுக்க இடம்கூட விட்டிருக்கான்" என்று மகிழ்ந்தார்.

தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. மறுவாரம் அவரும் அவருடன் வேலை செய்கிறவர்கள் பதினோரு பேரும் மோட்டாரிலேயே வந்து கடை வாசலை அடைத்துவிட்டார்கள். வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் சேர்த்து அள்ளியதில் ஒரு பெட்டி ஜாக்கெட்டும் அன்றே காலி. எல்லாரும் முன்னுக்குப் பின்தான் போட்டுப் பார்த்தார்கள். கடைசியாகக் கிளம்பிய சேகரன் அண்ணன் ஹெல்மெட்டை மாட்டியபடி சொன்னார்: "எல்லாம் சரி தங்கச்சி, ஆனா இதைத் தைச்சவன் மோட்டாரே ஓட்டாதவன்லா. ஜிப்பை முன்னாடி வச்சுட்டான்!"

நாத்தனாரும் வந்திருந்தார்

சரசு அக்கா சிடாம் கிரி பக்கம். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர், நாற்பத்தேழு வயது. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். செம்பனைத் தோட்டத்து ரோட்டில் சாயங்காலம் நடக்க ஆரம்பித்தவருக்கு நடை போதவில்லை. யாரும் இல்லாத வளைவில் கொஞ்சம் ஓடியும் பார்த்திருக்கிறார். "ஓடுறப்ப நல்லாருக்கு ஸ்டெல்லா" என்று ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். இதுவரை ஓடியது புருஷனின் பழைய பருத்திச் சட்டையில். மழை மாதங்களில் நம் ஊர் வானிலை உங்களுக்குத் தெரியும்: மூன்று மணிக்கு வெயில், நாலு மணிக்கு மழை, ஐந்து மணிக்குக் காற்று. நனைந்த பருத்தி கல் மாதிரி கனக்கும், அக்குளை அறுத்துவிடும். அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

வியர்வை சீக்கிரம் காய்கிற நீளக்கைச் சட்டை ஒன்றும், காலோடு ஒட்டும் கால்சட்டை ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். கூட வந்திருந்த நாத்தனார் முதல் முறையாக வாய் திறந்தார்: "இந்த வயசுல இதையா? ரோட்டுல போறவன் சிரிக்க மாட்டான்?" சரசு அக்காவின் முகம் வாடிவிட்டது. துணியை மடித்து என்னிடமே நீட்டினார். விட்டால் அவர் அன்றோடு ஓட்டத்தையே விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே ஓடிப்போய், முழங்கால் வரை பாவாடையும் அதற்குள்ளேயே கால்சட்டையும் சேர்த்துத் தைத்த ஒன்றைக் கொண்டுவந்தேன். அதைச் சரசு அக்காவிடம் கொடுக்கவில்லை. "உங்க உசரத்துக்கு எடுப்பா இருக்கும்கா, சும்மா போட்டுப் பாருங்க" என்று நாத்தனாரிடம் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்ததும் இருவருக்கும் ஒவ்வொன்றும், சரசு அக்காவுக்கு அந்த நீளக்கைச் சட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து நாத்தனார் தனியாக வந்தார், கோபமாக. வாங்கிய உடையில் ஏதாவது கோளாறோ என்று பயந்துபோனேன். அவர் சொன்னது இதுதான்: "இவ என்னை நடுரோட்டுல விட்டுட்டு ஓடிப்போயிடுறா. எனக்கும் வேகமா ஓடுற சட்டையா பாத்து ஒன்னு குடும்மா!"

சும்மா பார்க்கிறேன்

இது நம் எல்லாருக்கும் நடப்பது. ஒருவர் வந்து ஆறு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். எந்தத் துணி, எந்த அளவு, எத்தனை அடுக்கு என்று முக்கால் மணி நேரம் என்னிடம் பாடம் கேட்டார். லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு, "சும்மா பாக்க வந்தேன்" என்று போய்விட்டார். பத்து நாளில் இணையத்தில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அது விலாவரைக்கும்தான் வந்தது, கை முழங்கையோடு நின்றுவிட்டது. அன்றைக்கு அவருக்கு அளவாக இருந்த அதே ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவர் சொன்னார்: "அக்கா, அங்க வாங்குனது பேசாதுலா. நீங்க பேசுறீங்க."

ஜெராய் மலை உச்சியில்

கதிர் என்று ஒரு தம்பி. தொழிற்சாலை டெக்னீஷியன், இருபத்தாறு வயது, இந்த வட்டாரத்தில் அவன் ஓடினால் முதல் பரிசு அவனுக்குத்தான். வருஷக் கடைசியில் ஒரு ஓட்டக் குழு ஜெராய் மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரு ஓட்டம் வைத்தது. கீழே வேர்க்கும், மேலே மூடுபனி, நடுவில் எப்போது வேண்டுமானாலும் மழை. "ஒரு காஞ்ச சட்டையைப் பிளாஸ்டிக் பையில முடிஞ்சு இடுப்புல கட்டிக்கோ தம்பி" என்று சொன்னேன். "அக்கா, நான் ஓடப்போறேன், தூங்கப்போகல" என்று கையில்லாத சிங்லெட்டோடு போய்விட்டான்.

அன்று நான் உச்சியில், ஓடி வந்து சேர்பவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதிர்தான் முதலில் வந்தான், கொட்டும் மழையில். வந்து நின்ற பிறகுதான் வினை. ஆட்களைக் கீழே கொண்டுபோக வேண்டிய வேன், வழியில் மரம் விழுந்து நின்றுவிட்டது. ஓடும்போது இருந்த சூடு இறங்கிவிட்டது. காற்று வேறு. முக்கால் மணி நேரக் காத்திருப்பில் அவன் பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது. கோப்பையைக் கொடுத்தால் விரல் மடங்கவில்லை. பெயர் கேட்டால் பதில் குழறியது. உதடு நீலம். என் ஜாக்கெட்டைக் கழற்றினேன். ஆனால் ஈரச் சிங்லெட்டுக்கு மேல் அதைப் போட்டு என்ன பிரயோஜனம்? அதுவரை வந்து சேர்ந்த எல்லாரும் அவனைப் போலவே நனைந்த ஒற்றைச் சட்டையில்தான். அப்போதுதான் மூடுபனிக்குள்ளிருந்து சரசு அக்கா ஓடி வந்தார், பெண்களில் மூன்றாவதாக. "காஞ்ச சட்டை இருக்காக்கா?" என்று கத்தினேன். அவர் உடனே இடுப்புப் பையிலிருந்து பிளாஸ்டிக் முடிச்சைப் பல்லால் பிய்த்து எடுத்துக் கொடுத்தார்.

ஈரத்தைக் கழற்றி, துடைத்து, அவர் சட்டையை மாட்டி, மேலே என் ஜாக்கெட்டையும் மாட்டி, சூடான இனிப்புத் தேநீரை நானே வாயில் பிடித்துக் குடிக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் பையன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நானும் சரசு அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். பரிசளிப்புப் படத்தில் அந்த வட்டாரத்துச் சூரன், பூப்போட்ட ரோஸ் நிறப் பெண்கள் சட்டையில், வெற்றிக் கோப்பையோடு நிற்கிறான். மறுவாரமே கடைக்கு வந்தவன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அதே சட்டை ஒன்னு வேணும். ரோஸ் மட்டும் வேணாம்."

இலை கொட்டுற காலம்

முனியாண்டி அங்கிள் பண்டார் பாருவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். அறுபத்தொரு வயது, முன்பு ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். மகள் அயர்லாந்தில் ஆஸ்பத்திரித் தாதி. அக்டோபர் மாதம் அவள் ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். அவளுக்குத் தெரியாமலே இவரும் பெயர் கொடுத்துவிட்டார். "நாலு சிங்லெட் குடும்மா, மெல்லிசா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அங்கிள், அங்க இலையுதிர் காலம்." "அதான் சொல்றேன். இலை கொட்டுற காலம்னா வெயில் மண்டையைப் பொளக்குமே!"

தப்பு அவர்மேல் இல்லை. நம் ரப்பர் மரங்கள் இலை கொட்டுவது வருஷத்திலேயே வறண்ட மாதங்களில்தானே! நானும் தோட்டத்தில் பிறந்தவள், அவர் கண்ணில் எது தெரிந்தது என்று எனக்குப் புரிந்தது. அங்கே நிலைமை வேறு, ஒரே மணி நேரத்தில் வெயில், தூறல், ஊதக்காற்று எல்லாம் வரும் என்றேன். அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். போன வருஷம் நிமோனியா வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மகளால் வர முடியவில்லை. தினமும் போனில் அழுதிருக்கிறாள். இப்போது ஓடலாம் என்று டாக்டர் விட்டுவிட்டார், ஆனால் நெஞ்சில் ஈரமும் குளிரும் படக்கூடாது. "நான் நல்லாயிட்டேன்னு சொன்னா அவ நம்பல. கண்ணால பாக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது வியாபாரமாகவே தெரியவில்லை.

உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் உள்சட்டை. அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கிற நீளக்கைச் சட்டை, சூடு ஏறினால் கழுத்து ஜிப்பை இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். கையுறையும் காதுப் பட்டையும் வேறு. ஆனால் இதெல்லாம் வேலை செய்யுமா என்று இந்த வெயிலில் எப்படிப் பார்ப்பது? தவுக்கேவின் மச்சான் காய்கறி மொத்த வியாபாரி. அவருக்கு ஒரு குளிரறை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிளை அங்கே கூட்டிப்போனோம். கோஸ் மூட்டைகளுக்கும் கேரட் பெட்டிகளுக்கும் நடுவில் அவர் நின்ற இடத்திலேயே ஓடினார். தவுக்கே மேசை விசிறியைப் பிடித்துக் காற்று விட்டார், நான் பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியால் மழை பெய்ய வைத்தேன். இருபது நிமிஷத்தில் அங்கிள் கையைத் தூக்கினார்: "தோள்ல தண்ணி இறங்குதும்மா." பார்த்தால், தோள் தையல் வழியாக உள்ளே கசிந்திருந்தது. அங்கே போய்த் தெரிந்திருந்தால்? அந்த ஜாக்கெட்டை அங்கேயே கழற்றி, கையோடு எடுத்துப்போயிருந்த, தையலை உள்ளே பட்டையால் ஒட்டிய வேறொன்றைப் போட்டோம். மறுபடி விசிறி, மறுபடி மழை. இந்த முறை உள்சட்டை காய்ந்தே இருந்தது. தவுக்கே விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அக்டோபரில் ஒரு நாள், கடை அடைக்கும் நேரம், வெளிநாட்டு எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. திரையில் முனியாண்டி அங்கிள், கழுத்தில் பதக்கம், மூக்கு மட்டும் சிவப்பு. பின்னால் ஈரமான ரோடு, மஞ்சள் இலைகள். "நெஞ்சு காஞ்சிருக்கும்மா!" என்று ஜிப்பை இறக்கியே காட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதற்குள் ஒரு பெண் போனைப் பிடுங்கினாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட, தொப்பலாக நனைந்த பருத்திச் சட்டையில் நடுங்கிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அந்த மகள் சொன்னாள்: "அக்கா, ஒம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஒருத்தரும் எனக்கு இதெல்லாம் சொல்லல. அப்பா என்னைத் தாண்டிப் போயிட்டாருக்கா! நாளைக்கே எனக்கும் ஒரு செட்டு அனுப்புங்க!"

உலகத்துக்கெல்லாம் மூன்றடுக்குப் பாடம் நடத்தி ஜெயித்த நாங்கள், கடை கொடுத்த ஒற்றைப் பருத்திச் சட்டையில், ஏர்கோன் குளிர்காற்றுக்கு நேர் கீழே நின்று தும்மிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் தனிப்பெருமை.