மலைக்கு முதுகைக் காட்டி நின்றோம்

சென்ற வருடம் வைகாசி மழையின்போது, கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. நான் அங்கே முன்பள்ளி ஆசிரியை. கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். பத்தாம் ஆண்டு படிக்கும் மகளும் நானும், தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டியிருக்கும் லயத்தில் மூன்றாவது வீட்டில் இருந்தோம்.

லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. முதலில் மண்வெட்டியால் கீறிய கோடு மாதிரித்தான் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் அகலமாகி, கடைசியில் என் கை முழங்கை வரை உள்ளே போனது. தோட்ட நிர்வாகத்திடம் சொன்னோம், கிராம சேவகரிடம் சொன்னோம். வந்து பார்த்தார்கள், மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த வெடிப்பைப் பார்க்கப் போவேன்.

பத்திரிகையில் வந்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று எங்கள் மரணாதாரச் சங்கத்தில் பேசி முடிவெடுத்தோம். சாவு வீட்டுக்கு உதவுகிற சங்கம் அது. லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே சங்கமும் அதுதான். நான் செயலாளர் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. வெடிப்பைப் படம் எடுத்து, கிடைத்த இடத்துக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே ஒரு பத்திரிகை அலுவலகம் பதில் போட்டது: "ஏதாவது நடந்தால் உடனே அறிவியுங்கள்." அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைத்தான் பார்த்தேன்.

பிறகுதான் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நானா ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடையைப் பார்த்துக்கொண்டே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தியும் அனுப்புகிறவர். சங்கத்தின் சார்பில் வந்திருக்கிறேன் என்று அவர் கடையில் போய் நின்றேன்.

"என்ன சங்கம் டீச்சர்?"

"மரணாதாரச் சங்கம், நானா."

"அனே, அப்ப யாரு மவுத்து?"

"இன்னும் யாரும் சாகலீங்க."

"அதான் பிரச்சினை. மவுத்து இல்லாம மரணாதாரச் சங்கத்துக்கு எப்படி நியூஸ் வரும்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வெடிப்ப மட்டும் போட்டா அது வெறும் மண்ணு. மலை, லயம், அங்க இரிக்கிற அத்தன பேரும் ஒரே படத்துல வரணும். அப்பதான் ஆளில்லாத லயம்னு யாருக்கும் சொல்ல ஏலாது. ஞாயித்துக்கெழம வாரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல நாள் மழை கொஞ்சம் ஓய்ந்து வெளிச்சம் வந்தது. நானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மலையும் லயமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று, எல்லாரையும் படிகளுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்து முற்றத்துக்கு வரச் சொன்னார். பேப்பரில் வரப்போகிறோம் என்று எங்கள் ஆட்கள் தீபாவளிச் சேலைகளை எடுத்துக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார்கள்.

என் மகளுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன். எங்கள் வீட்டு உள் தாழ்ப்பாள் உடைந்து காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வெளியே கொண்டியைப் போட்டுவிட்டு வந்தேன்.

எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு நானா கேமராவில் கண்ணை வைத்தார். உடனே நிமிர்ந்தார்.

"லயத்துல வேற யாரும் இல்லையே?"

"டீச்சரம்மா மக மட்டும் காய்ச்சல்ல படுத்திருக்கு. பரவால்ல, நீங்க எடுங்க," என்றார் எங்கள் சங்கத் தலைவர். நானும் தலையை ஆட்டினேன்.

"ஒரு ஆள் கொறஞ்சாலும் அத்தன பேரும்னு எனக்கு எழுத ஏலாது. கூட்டிட்டு வாங்க டீச்சர்."

"காய்ச்சக்காரப் புள்ளைங்க, நானா. இந்தக் குளிர்லயா கொண்டாந்து நிப்பாட்டுறது?"

"ரெண்டு நிமிசம்தான். நான் காத்திட்டு இரிக்கேன்."

மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் மேலே ஏறினேன். மகள் லேசில் எழும்பவில்லை. "இந்த மூஞ்சியோடயா? ஸ்கூல்ல என்னைய ஓட்டியே கொன்னுருவாங்கம்மா," என்று அழுதாள். பெட்சீட்டைப் போர்த்தி, இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்து, படிகளில் மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தேன். எல்லாரும் எங்களுக்கு இடம் விட்டார்கள்.

"ஹரி, ஹரி, இப்ப சரி. யாரும் சிரிக்காதீங்க. கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்றார் நானா. அதைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு படம் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். பிறகு கேமரா மெல்ல அவர் நெஞ்சுக்கு இறங்கியது.

நாங்கள் எல்லாரும் மலைக்கு முதுகைக் காட்டி நின்றோம். மலையைப் பார்த்து நின்றவர் அவர் ஒருவர்தான். எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய முகம். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஓடுங்க! ரோட்டுப் பக்கம் ஓடுங்க! துவண்ட, துவண்ட!" தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினார்.

பாரம் ஏற்றிய லொறிகள் சேர்ந்து இறங்குவது போல ஒரு சத்தம். மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது லயத்தில் எங்கள் பக்கத்துப் பாதி இல்லை. மூன்றாவது வீடு இருந்த இடத்தில் வேரோடு ஒரு மரம் கிடந்தது. சேறு மடுவத்து முற்றத்தின் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடுகள் போய்விட்டன. மனிதர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரோட்டோரத்தில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்று நானா பத்திரிகை அலுவலகத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கேட்ட கேள்வி எனக்கும் கேட்டது: "எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்ல சேர்... இல்ல சேர், ஒருத்தரும் இல்ல. எல்லாரும் படத்துல இரிக்காங்க."

பேசி முடித்த பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

செய்தி உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்தது. படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலை இருந்தது, நாங்கள் இல்லை. நாங்கள் தங்கியிருந்த பாடசாலை மண்டபத்துக்கு நானா பாணும் பருப்பும் கொண்டு வந்தபோது, முழுப் படத்தையும் பிரதி எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு ஏதாவது மனதில் பட்டதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர். படம் சரியா வரணும்னு மட்டும்தான் நெனச்சேன்," என்றார்.

இப்போதும் நாங்கள் தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்கிறோம். அந்தப் படம் தகரச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் மகள் மட்டும் பெட்சீட்டுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் லயம் முழுதாக இருக்கிறது, வீடுகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. மூன்றாவது வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. அவளைத் தாங்கிப் பிடித்து வந்ததில் கொண்டியைப் போட எனக்குக் கை இருக்கவில்லை. என் பிள்ளை இல்லாமலே படம் எடுக்கலாம் என்று தலையாட்டியவள் நான். அவளும் வந்தே ஆக வேண்டும் என்று நின்றவர் அவள் பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர் என்பதை, அந்தத் திறந்த கதவைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.