வலத் தோளில் முந்தானை

பக்கத்து ஊரான ஒஷாவாவில் இருக்கும் அண்ணை ஒருவரின் கலியாண நெகட்டிவ்களை இன்று ஸ்கான் பண்ணத் தொடங்கினேன். முதல் படத்தை அனுப்பிய கையோடு போன் வந்தது.

“தம்பி, இது ஆற்ற கலியாணம்? என்ர மனுசி வலத் தோளிலயோ முந்தானை போட்டவ? வேற ஆற்றையோ நெகட்டிவ்வோட மாத்திப்போட்டீர். உண்மையைச் சொல்லும்.”

பார்த்தால், பிலிமை நான்தான் மறுபக்கமாக வைத்திருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. புரட்டி வைத்து ஸ்கான் பண்ணி, திரும்ப அனுப்பினேன்.

“ஓம், இது நாங்கள்தான்” என்றார் அரை மனதோடு.

அதற்குள் அவர் மனைவி போனைப் பறித்துவிட்டார்.

“பொறும் தம்பி. முதல் படத்தில நிண்டதுதான் நான். ஒவ்வொரு நாளும் கண்ணாடியில பாக்கிற முகம் எனக்குத் தெரியாதோ? இவ ஆர்?”

நாளைக்கு இருவரும் நேரில் வந்து ஸ்கானருக்குப் பக்கத்திலேயே இருக்கப் போகிறார்களாம்.

ஸ்கானருக்கு எதிரே மாட்டியிருக்கும் சுவர்க் கண்ணாடியை இன்றைக்கே கழற்றி ஒளித்து வைக்கட்டுமா?