சைரன் அக்கா உட்கார்ந்து சாப்பிட்ட மதியம்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அந்தப் பெண்ணை எல்லோரும் சைரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு வண்டியின் சத்தம் பாதிக் காரணம், மீதி அவளுடைய குரல். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “ஓரமா போங்க!” என்று ஓர் அதட்டல் போட்டால் லாரிக்காரர்களே கப்சிப். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியதும் இல்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது?

இருபத்திரண்டு வருடமாக அவளுக்குச் சாப்பாடு என்றால் மடியில் ஒரு பெட்டி, வலது கையில் ஒரு கரண்டி, இடது காதில் போன். போன் அடித்தால் ‘ஹலோ’ சொல்லும் வழக்கமே கிடையாது. “எங்க?” என்பாள். அடுத்த நொடி பெட்டி மூடப்பட்டு சீட்டுக்குப் பின்னால் போய்விடும். திரும்பி வந்து திறந்தால் ஆறி அவலாகியிருக்கும். அதையும் நாலே நிமிடத்தில் உள்ளே தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள். ருசி எப்படி என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் பொடி எழுத்து மங்கியது. கண்ணாடிக் கடைக்குப் போனாள். போன வேகத்தில் ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு “இதுவே போதும்” என்றாள்.

“நான் இந்தக் கடை வச்சு பதினெட்டு வருஷம் ஆச்சு. அரை நிமிஷத்துல ஃபிரேம் எடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான்” என்றார் கடைக்காரர். நிதானமான மனிதர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. எதையும் இரண்டு தடவை துடைத்துத்தான் கையில் கொடுப்பார்.

திருகாணி லூசாக இருக்கிறது என்று அவள் மறுபடியும் போனாள். மூன்றாம் முறையும் போனாள். அந்த மூன்றாம் முறை திருகாணி தானாகத் தளரவில்லை; அக்காதான் நகத்தால் நெம்பித் தளர்த்திக்கொண்டு போனாள். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். “தெருமுனையில இத்தாலியன் ரெஸ்டாரன்ட் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை மதியம் வர்றீங்களா?” என்று கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.

தங்கைக்கு விஷயம் தெரிந்ததும் போனில் வகுப்பே எடுத்தாள். “அக்கா, ஒரு மணி நேரமாவது உக்காரு. அந்த வங்கிக்காரர் விஷயத்துல நடந்த மாதிரி பாதியில எழுந்து ஓடிடாதே.”

வங்கிக்காரர் கதை பழையது. பெண் பார்க்க வந்தவர் அவர். காபி பாதி இருக்கும்போதே ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்து இவள் எழுந்து ஓட, அவர் கடைசியில் “உங்களுக்கு வீடு வேண்டாம், வண்டி போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வாள். சொல்லும் ஒவ்வொரு தடவையும் வலிக்கும். இந்த மனிதர் அப்படி நினைத்துவிடக் கூடாது என்று அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

ஞாயிறு விடுமுறை. பன்னிரண்டரைக்கே போய்விட்டாள். சொந்த ஸ்கூட்டரைக்கூட முகம் ரோட்டைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்தினாள். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மேஜைவிரிப்புகள், பின்பக்கம் அடுப்பிலிருந்து வேகும் மாவின் வாசனை. கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து சாவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார். மெனு கார்டைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். “எனக்குக் காளான் பீட்சா. சொல்லிடுங்க, கை கழுவிட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனார்.

பரிமாறுகிறவர் நோட்டுடன் வந்து நின்றார். அக்கா கடகடவென்று ஒப்பித்தாள். “ஒரு காளான் பீட்சா, ஒரு தக்காளி சாஸ் பாஸ்தா, ஒரு கார்லிக் பிரட்.” கடைசியில் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே இன்னொன்றையும் சொல்லிவிட்டது. “பார்சல்.”

சொன்னது அவளுக்கே தெரியாது.

அவர் திரும்பி வந்தார். அடுத்த இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. ஒரு லென்ஸை எப்படித் தேய்க்கிறார்கள் என்று அவர் ஆதியோடந்தமாக விளக்கினார். எந்தத் தெருவில் எந்த வீட்டு மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று இவள் சொன்னாள். “எங்க வீட்டுப் படி?” என்று கேட்டார். “திரும்பும். நல்ல அகலம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்லவேளை, பேச்சு வருகிறது என்று அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது பரிமாறுகிறவர் ஒரு பெரிய காகிதப் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “பார்சல் ரெடி, மேடம். சாஸ் தனியா வச்சிருக்கேன்.”

கண்ணாடிக்காரர் பையைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த சாவியைப் பார்த்தார். நாப்கினை எடுத்து நாலாக மடித்து வைத்தார். “ஏதோ அவசரம் போல. பரவாயில்ல, நீங்க கிளம்புங்க” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

‘ஆமாம், அவசரம்’ என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். அவரே வழியும் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் ‘அவசரம்’ என்ற வார்த்தையை அக்கா ஒரு நாளும் பொய்யாகச் சொன்னதில்லை.

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள். “நான் ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டதே கிடையாது. சாப்பாடு கேட்டாலே பார்சல்னு வாய்ல வந்துடும். எனக்கு இங்க இருக்கணும். நீங்க இன்னும் பேசணும். நெஜமா.”

பதற்றத்தில் அவள் குரல் வழக்கமான சைரன் அளவுக்கு ஏறிவிட்டது. நாலு மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரர் மடித்த நாப்கினை மெதுவாகப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டார். “நான் என்னமோ லென்ஸ் பத்திப் பேசியே உங்களை விரட்டிட்டேன்னு நெனச்சேன்” என்றார்.

“தட்டு கொண்டாரட்டுமா, மேடம்? பெட்டிக்குள்ள பீட்சா வேர்த்துடும்” என்றார் பரிமாறுகிறவர். அவர் முகத்தில் அடக்கிய சிரிப்பு.

தட்டுகள் வந்தன. பழக்க தோஷத்தில் அக்கா நாலு நிமிடத்தில் பாஸ்தாவை முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவர் இரண்டாவது துண்டின் ஓரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். “இதை மெதுவா சாப்பிடுங்க. எனக்குத் துணை வேணும்.”

அக்கா மெதுவாகச் சாப்பிட்டாள். காளானில் மிளகு இருந்தது. அதற்கடியில் சீஸ் லேசாகப் புளித்தது. ஓரம் கருகியும் கருகாமலும் மொறுமொறுவென்று இருந்தது. இதெல்லாம் பீட்சாவில் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

போன் அடித்தது. கை தானாகப் பாய்ந்தது. தங்கைதான், ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது என்று பொறுக்க முடியாமல் கூப்பிடுகிறாள். எதிரே அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனைக் காதில் வைத்தாள்.

“சாப்பிட்டுட்டு இருக்கேன்” என்றாள். “அப்புறம் கூப்பிடு.”