டிக்கியில் வெந்த மட்டை

டாக்ஸி ஸ்டாண்டில் அவளை எல்லோரும் ஸ்டெப்னி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவர் காலை ஒடித்துக்கொண்டு படுத்தபோது அவருக்குப் பதிலாக வண்டியை எடுத்துவந்து வரிசையில் நின்றாள். "மெயின் டயர் பஞ்சர், ஸ்டெப்னி வந்திருக்கு" என்று எவனோ ஒரு வாயாடி சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. கால் கூடிய பிறகும் கணவருக்குக் கிளட்சை மிதித்தால் சுள்ளென்று இழுத்தது. அவர் வீட்டோடு தங்கி, சமையலையும் சவாரிக்கு வரும் போன்களையும் பார்த்துக்கொண்டார். ஸ்டெப்னியே நிரந்தர டயராகிவிட்டாள்.

காலையில் அவளுக்கு முதல் சவாரி பல் டாக்டரம்மா. அவரை டென்னிஸ் மைதானத்தில் இறக்கிவிட்டு, ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, பிறகு கிளினிக்கில் கொண்டுபோய் விடவேண்டும். ஒருநாள் ஆடுவதற்கு நாலாவது ஆள் வரவில்லை.

"வெளியில சும்மா நிக்கிறதுக்கு உள்ள வாங்களேன். பந்து வந்தா தட்டிவிடுங்க, போதும்" என்றார் டாக்டரம்மா.

அவள் தட்டிய முதல் பந்து கம்பிவேலியைத் தாண்டிப் போய் அவளுடைய டாக்ஸியின் தலையிலேயே ணங்கென்று விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவளுக்கே நினைவில்லை. அந்த வாரமே பழைய மட்டை ஒன்றை வாங்கிவிட்டாள். அது டிக்கியில், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் குடியேறியது. ஆட்டம் முடிந்ததும் அதை உள்ளே போட்டு மூடுவாள். மறுநாள் காலையில்தான் மறுபடி திறப்பாள். இடையில் வண்டி நாள் முழுக்க வெயிலில் கிடக்கும்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. ஆட்டம் நன்றாகவே வசப்பட்டது. அப்புறம் ஒரு கோடையில் கை கெட்டுப்போனதுபோல் ஆகிவிட்டது. எவ்வளவு அடக்கி அடித்தாலும் பந்து கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. "எனக்கு வயசாயிடுச்சு டாக்டரம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரம்மாவோ, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான இரட்டையர் போட்டியில் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் வயலின்காரர் வண்டியில் ஏறினார். உச்சி வெயில். விமான நிலைய வாசலில் நின்றவரிடம், "பெட்டியை டிக்கியில வச்சிடலாம் சார், தாராளமா உட்காருங்க" என்றாள்.

"வேண்டாம்மா, மடியிலேயே இருக்கட்டும்."

கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறார் என்று உள்ளுக்குள் நொடித்தபடி வண்டியை எடுத்தாள். மேம்பாலத்தில் ஏறும்போது பின்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, நாலு டயரையும் உதைத்துப் பார்த்தாள். எல்லாம் கல்லுமாதிரி இருந்தன. டிக்கியைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. மட்டையின் நடுநரம்பு அறுந்து சுருண்டு கிடந்தது. மற்றவை தொளதொளவென்று இருந்தன. கைப்பிடியின் பசை இளகி, கீழே விரித்திருந்த பாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வயலின்காரர் இறங்கிவந்து, துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"இது எத்தனை நாளா இதுக்குள்ள இருக்கு?"

"வாங்கின நாள்லேர்ந்து சார்."

"அடப்பாவமே! நரம்பை இழுத்துக் கட்டின எந்தப் பொருளுக்கும் இந்தச் சூடு ஆகாதும்மா. நரம்பு தளரும், பசை இளகும், சட்டமே வளைஞ்சாலும் வளைஞ்சிடும். தினமும் வெந்து வெந்து ஆறினா எதுதான் தாங்கும்?"

பந்து ஏன் கோட்டைத் தாண்டிப் போனது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவம், இத்தனை நாளும் கையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடையில் கொடுத்துப் புது நரம்பு கட்டினாள். நல்லவேளை, சட்டம் வளையவில்லை. "உங்களால உட்கார முடியாத இடத்துல மட்டையையும் வைக்காதீங்க. அவ்வளவுதான் விஷயம்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

சொல்வது சுலபம். முன்சீட்டில் வைத்துப் பார்த்தாள். ஏசி போட்டு ஓட்டும்வரை சரி; வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்போது முன்சீட்டும் அடுப்புத்தான். கணவர் கார் கண்ணாடியில் வைக்கும் பழைய வெயில் மறைப்பின் வெள்ளித்தாளை வெட்டி, பஞ்சு வைத்து ஓர் உறை தைத்துக் கொடுத்தார். தையல் ஊர்கோலம் போனாலும் உறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது சூட்டைத் தாமதப்படுத்தியதே தவிர, தடுக்கவில்லை. ஈரத்துண்டைச் சுற்றினாள், கைப்பிடி ஊறிப்போய் நாறியது. டாக்டரம்மா கிளினிக்கில் இடம் தருவதாகச் சொன்னார். அங்கே காலியாக இருந்தது, கருவிகளை நீராவியில் அவிக்கும் பின்னறை மட்டும்தான்! வீட்டில் விட்டுவரலாம் என்றால், வீடோ நகரத்தின் மறுகோடி.

"மைதானத்துக்கு எதிர்லதானே என் தங்கச்சி வீடு" என்றார் கணவர், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. தலையை நிமிர்த்தவில்லை.

அவள் எழுந்து போய்விட்டாள். நாத்தனாரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் டாக்ஸி ஓட்டத் தொடங்கிய புதிதில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "எங்க அண்ணன் காலைத்தானே ஒடிச்சுக்கிட்டான், மானத்தையுமா?" என்று நாத்தனார் கேட்டுவிட்டாள். கேக் செய்து விற்பது நாத்தனாரின் தொழில். "நீ பண்ற கேக்கை உன் வீட்டுக்காரரே வாயில வைக்க மாட்டாரு" என்று இவளும் விடாமல் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு சரி. நல்லது கெட்டது எல்லாம் கணவர் வழியாகத்தான் போய்வந்தன.

போட்டி நெருங்கியது. ஒருநாள் காலை ஆட்டம் முடிந்ததும், வெள்ளி உறையில் போட்ட மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

முழங்கைவரை க்ரீமோடு நாத்தனார் கதவைத் திறந்தாள். இவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"அண்ணனுக்கு ஏதாவது..."

"உங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. இந்த மட்டைக்குத்தான் உடம்பு சரியில்ல."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. நடந்ததையெல்லாம் இவள் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள். நாத்தனார் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைத் தைச்சது அண்ணன்தானே? கோணலைப் பார்த்தாலே தெரியுது. உள்ள வாங்க. கேக் ரூம்ல எப்பவும் ஏசி ஓடும். ஆனா காத்து நேரா படுற இடம் வேண்டாம். சில்லுன்னு இருந்துட்டுத் திடீர்னு வெயிலுக்குப் போனா என் க்ரீமே தாங்காது. அலமாரிக்குப் பின்னால வைங்க அண்ணி."

'அண்ணி' என்ற சொல் எத்தனையோ வருடம் கழித்து வந்தது. இருவருக்கும் அது கேட்டது. இருவரும் கேட்காததுபோல் இருந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இரண்டு முறை அந்தப் படியில் ஏறி இறங்கினாள். முதலில் "வரேன்", "சரி" என்பதோடு நின்ற பேச்சு, காப்பிவரைக்கும் வளர்ந்தது. மட்டையில் வெனிலா வாசனை ஏறியது. பந்து கோட்டுக்குள் விழத் தொடங்கியது.

ஒருநாள் நண்பகலில் போன் வந்தது. மூன்றடுக்கு கேக், பிறந்தநாள் வீட்டுக்குப் போகவேண்டும், வண்டிக்காரன் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான். பேசியது நாத்தனார். "க்ரீம் உருகிடும் அண்ணி. என் பேரே போயிடும்."

"நான் வர்றவரைக்கும் கீழ இறக்காத" என்றாள் இவள்.

வண்டியை மரநிழலில் நிறுத்தி, ஏசியை முழுதாகத் திறந்து, உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் கேக்கை எடுத்துவரச் சொன்னாள். டிக்கிப் பக்கமே போகவிடவில்லை. பின்சீட்டில் நாத்தனார் கேக்கைத் தாங்கிப் பிடித்திருக்க, வெயில் படும் ஜன்னலில் கணவர் தைத்த வெள்ளி உறையை மாட்டி, வேகத்தடைகளில் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து போய்ச் சேர்ந்தாள். வைத்த சர்க்கரைப் பூ ஒன்றுகூட நகரவில்லை.

திரும்பும்போது நாத்தனார் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"நானும்தான். உன் கேக்கை உன் வீட்டுக்காரர் ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறது எனக்கு அப்பவே தெரியும்."

போட்டியில் முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் நன்றாகப் போராடித் தோற்றார்கள். டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். இவளுக்கோ வியர்வையைத் துடைக்கத் துடைக்கச் சந்தோஷம் பொங்கியது. பார்க்க வந்திருந்த நாத்தனார் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"இடது பக்கம் பந்து வந்தா நீங்க ஒரு நொடி லேட்டாத்தான் திரும்புறீங்க அண்ணி. நீங்க ஆட ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே அப்படித்தான்."

"ஆரம்பிச்ச நாள்லேர்ந்தா? உனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "காலையில க்ரீம் அடிக்கிறப்போ ஜன்னல் ஓரமாத்தானே நிக்கிறேன். கண்ணை மூடிக்கவா முடியும்?"

பேசாமலே கழிந்த அத்தனை வருடமும் மேலேயிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அடுத்த போட்டிக்கும் டாக்டரம்மா பெயர் கொடுத்திருக்கிறார். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கியதும் எதிர்மாடி ஜன்னல் படாரென்று திறக்கிறது. "திரும்புங்க அண்ணி, இப்பவே திரும்புங்க!" என்று தெருவே அதிர ஒரு குரல். அதற்குப் பயந்தாவது அவள் சரியான நேரத்தில் திரும்பக் கற்றுக்கொண்டு வருகிறாள்.