ஜெபா நிறுத்திய ஊசி

2005 ஜூன். கல்லூரி நூலகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். மனித செல்லுக்குள் இருக்கும் பழுதான மரபணுவை அந்த இடத்திலேயே வெட்டித் திருத்தியிருக்கிறார்கள்! கர்த்தர் வழி காட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

என் தங்கை ஜெபாவுக்குத் தலசீமியா, ஒரு மரபணுப் பழுதால் நல்ல ரத்தம் ஊறாத நோய். அப்போது வயது பதினேழு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தின் இரும்பு இதயத்தில் போய்ப் படியும். அதை வெளியேற்ற, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி மணிக்கணக்காகப் பம்பு மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்.

அந்த ஞாயிறே ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்துவிட்டேன். கிடைக்கும் முன்பே நன்றி சொல்வது எங்கள் சபை வழக்கம். "ரெண்டே வருஷம்! ஜெபாவின் ஜீனைத் திருத்திவிடுவார்கள். சுகம் பெற்றுக்கொண்டோம், ஸ்தோத்திரம்!" எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுரையில் இருந்ததோ ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த செல்கள். தப்பான இடத்தில் வெட்டினால் புற்றுநோய்கூட வரலாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பத்தியை நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஜெபா நம்பினாள். யாரிடமும் சொல்லாமல் ஊசியை நிறுத்தினாள்.

அக்டோபரில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போது மயங்கி விழுந்தாள். இதயம் தாறுமாறாகத் துடித்தது. "ஆரு பறஞ்சு மருந்தை நிறுத்தினே மோளே?" யார் சொல்லி நிறுத்தினாய் என்று மலையாளம் கலந்து கேட்டார் டாக்டர். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. "சுகமாயிட்டுன்னு சபையிலே சொல்லியாச்சு டாக்டர். பிறகும் ஊசி போட்டா அவிசுவாசம் இல்லியா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டேன். ஜீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆண்டவரே, அவசரப்பட்டது நான். இவளை விட்டுவிடும்." அவ்வளவுதான் வந்தது. மூன்று நாள் மருந்து விடாமல் ஏறியது. நான்காம் நாள் காலை துடிப்பு சீரானது. கண் திறந்து அம்மாவிடம் தோசை கேட்டாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த டாக்டரும் அந்த மருந்தும்தான் எனக்கு வந்த பதில். இப்போது தினமும் மருந்தை நானே கலக்கி, ஜெபித்துப் பம்பை மாட்டிவிடுகிறேன். பிரியமானவர்களே, அவரை நம்புங்கள். மருந்தை நிறுத்தாமல் நம்புங்கள்.

அடுத்த மாதம் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. எலியின் ரத்த செல்களில் மரபணுவைத் திருத்திப் பார்க்கும் வேலை. ஜெபாவிடம் சொன்னேன். "எலிக்கு முதல்லே சுகமாகட்டும் அண்ணா. நான் பம்போட காத்திருக்கேன்" என்றாள்.

இடம் கிடைத்தால் முதலில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கப் போகிறேன்: வெட்டு தப்பான இடத்தில் விழுகிறதா என்று ஒவ்வொரு செல்லாகப் பார்ப்பது.